சாலைக்கு முன் சோதனைக் குழி: இங்கிலாந்துக் களத்தில் புதிதாக இறங்குவோருக்கு

இங்கிலாந்தில் ஒரு புறவழிச்சாலை வரப்போகிறது என்றால், ரோடு ரோலர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வயல்களில் தொல்லியலாளர்கள் இறங்கியிருப்பார்கள். நிலத்தைக் கலைப்பவரே ஆய்வுச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நடைமுறையை நிலைநிறுத்தியது 1990-இல் வந்த பிபிஜி 16 என்னும் திட்டமிடல் வழிகாட்டுதல். அதன் இடத்தில் இன்று இருப்பது 2012-இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகம். பெரிய நெடுஞ்சாலை என்றால் 2008-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் தனி அனுமதி ஆணை வாங்க வேண்டும். தொல்லியல் நிபந்தனைகள் அந்த ஆணைக்குள்ளேயே வந்துவிடும்.

கீழடி போன்ற இடங்களில் கட்டம் கட்டிய சதுரக் குழிகளைப் பார்த்துப் பழகியவர் இங்கே முதல் நாள் திகைப்பார். இயந்திரம் வயலின் குறுக்கே 50 மீட்டர் நீளத்துக்கு 2 மீட்டர் அகலத்தில் கீறிக்கொண்டே போகும். இவைதான் சோதனைக் குழிகள். பெரும்பாலான குழிகளின் ஆழம் முழங்கால் அளவைத் தாண்டாது. அடியில் என்ன இருக்கிறது, எதுவரை பரவியிருக்கிறது, எத்தனை ஆழத்தில், எந்த நிலையில், எந்தக் காலத்தது என்ற கேள்விகளுக்கு விடை சொன்னால் இந்தச் சோதனையின் வேலை முடிந்தது. முழு அகழாய்வு பிறகு, தேவைப்பட்டால் மட்டும். அந்த வகையில் எதுவுமே கிடைக்காத குழியும் ஒரு விடைதான். இது மனத்தில் ஏறாதவர்தான் வெறுங்குழியை அவசரமாக மூடிவிட்டு, பானை ஓடு வந்த குழியில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பார்.

குழிகளின் கணக்கு

களத்துக்கு வரும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது எழுத்துவடிவ ஆய்வுத் திட்டம். கவுன்டித் தொல்லியல் அலுவலர் ஒப்புதல் தந்த ஆவணம் அது. எத்தனை குழி, எங்கே, எதை எத்தனை சதவீதம் தோண்டுவது, மண் மாதிரி எவ்வளவு எடுப்பது என எல்லாம் அதில் இருக்கும். படிக்காமல் களத்தில் இறங்காதீர்கள்.

கணக்கு எளிது. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். 50 மீட்டருக்கு 2 மீட்டர் குழி 100 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் 1 சதவீதம். பொதுவாகக் கேட்கப்படுவது 2 முதல் 5 சதவீதம். சாலைத் தடம் 60 மீட்டர் அகலம், 2 கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 ஹெக்டேர். 4 சதவீதம் என்றால் 4,800 சதுர மீட்டர், 48 குழிகள். இங்கேதான் ஒரு சில்லறைத் தவறு பெரிய வம்பாகும்: 2 மீட்டர் பக்கெட் கேட்ட இடத்தில் வாடகைக் கம்பெனி 1.8 மீட்டர் பக்கெட் அனுப்பிவிடும். ஒவ்வொரு குழியும் 90 சதுர மீட்டராகச் சுருங்கும். அதே பரப்பைக் காட்ட 54 குழிகள் வேண்டும். இயந்திரம் வந்து இறங்கியதும் பக்கெட்டின் வாய் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

குழிகளின் இடம் குருட்டாம்போக்கில் வருவதில்லை. அதற்கு முன்பே கவுன்டியின் வரலாற்றுச் சூழல் பதிவேடு, பழைய வரைபடங்கள், வான்படங்கள், வானிலிருந்து லேசரால் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் படங்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள். மண்ணின் காந்த வேறுபாட்டை வைத்து அடியில் இருப்பதைக் காட்டும் காந்தமானி அளவீடும் முடிந்திருக்கும். அதில் தெரிந்த வட்டம், கோடு, கரும்புள்ளி ஆகியவற்றின் மேல் சில குழிகள் விழும். மீதிக் குழிகளை வேண்டுமென்றே வெற்றிடத்தில் போடுவார்கள். காரணம் உண்டு. எரிந்த மண்ணும் கரிமண் நிறைந்த அகழியும் காந்தமானியில் பளிச்சென்று தெரியும்; சின்னத் தூண்குழிகளும் ஈமக்குழிகளும் பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஆற்றுப்படுகை வண்டல் ஒரு மீட்டர் கனத்துக்குப் படிந்திருந்தால் அடியில் ஒரு கிராமமே இருந்தாலும் கருவி வாய் திறக்காது.

வரைபடத்தில் குழிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மாறிமாறி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எல்லாக் குழிகளையும் ஒரே திசையில் போட்டால், அதே திசையில் ஓடும் பழைய எல்லை வாய்க்கால் இரண்டு குழிகளுக்கு நடுவே நழுவிவிடும்.

இயந்திரம் வரும் முன்

எஃகு முனைக் காலணி, தலைக்கவசம், ஒளிரும் மேலாடை, கட்டுமானத் தளங்களில் கேட்கும் சிஎஸ்சிஎஸ் அட்டை: இவை இல்லாமல் வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். இதில் பேச வேறொன்றும் இல்லை.

பேச வேண்டியது நிலத்தடிக் கேபிள்களைப் பற்றி. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைபேசி நிறுவனங்களின் வரைபடங்கள் கையில் இருந்தாலும் அவற்றை அப்படியே நம்பக்கூடாது. வரைபடக் கோட்டுக்கும் உண்மைக் குழாய்க்கும் சில மீட்டர் வித்தியாசம் சாதாரணம். ஜிபிஎஸ் கருவியால் குழியின் நான்கு மூலைகளையும் குறித்தபின், கேபிள் கண்டறியும் கேட் கருவியோடு குழியின் நீளவாக்கிலும் குறுக்கிலும் நடங்கள். சிக்னல் அனுப்பும் ஜென்னி பெட்டியையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். மின்சாரம் ஓடாத நேரத்தில் ஒரு கேபிளைக் கேட் தனியாகக் கண்டுபிடிக்காமல் போகலாம். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை இரண்டுமே காட்டாது. வயல் மூலையில் மாட்டுத் தொட்டி தெரிந்தால் அதற்கு எங்கிருந்தோ குழாய் வருகிறது என்று பொருள், விவசாயியிடம் கேளுங்கள். தலைக்கு மேலே மின்கம்பி போனால் குழியை நகர்த்துவதுதான் முறை. நகர்த்தலாம், சுருக்கலாம், ஆனால் அலுவலரிடம் சொல்லிவிட்டு, காரணத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு.

பக்கெட்டைப் பார்க்கும் வேலை

ஒரு சோதனையின் தரம் ஏறக்குறைய முழுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. கரணை பிடிப்பதைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். நகரும் பக்கெட்டின் அடியில் மண் நிறம் மாறும் அந்தக் கணத்தைப் பிடிக்கப் பல மாதங்கள் ஆகும்.

இயந்திரம் நம்மூரில் பொக்லைன், ஹிட்டாச்சி என்று சொல்கிற அதே சங்கிலிச் சக்கர வகை. 13 முதல் 20 டன். பக்கெட்டில் பல் இருக்கக்கூடாது. பல் வைத்த பக்கெட் மண்ணைக் கீறிக் கிளறிவிடும், நிறமாற்றம் எதுவும் தெரியாது. தட்டையான விளிம்புள்ள பக்கெட்டால் சீவியது போல எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 5 முதல் 10 செ.மீ. மட்டும். ஆபரேட்டர் பின்னோக்கி நகர்ந்தபடி எடுப்பார். திறந்த தரையின் மேல் சங்கிலி ஏறவே கூடாது.

மேல்மண் பெரும்பாலும் 25 முதல் 35 செ.மீ. வரை இருக்கும். அது ஒரு பக்கம், அடிமண் மறுபக்கம். இரண்டையும் கலந்துவிட்டால் மூடும்போது பிரிக்க முடியாது, அடுத்த ஆண்டு விளைச்சல் குறைந்தது என்று விவசாயி இழப்பீடு கேட்பார். அவர் கேட்பது நியாயமும்கூட. குவியலைக் குழி விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் நிற்க வேண்டியது ஆபரேட்டரின் கண்ணில் படும்படி, பக்கெட் சுழலும் வட்டத்துக்கு வெளியே. கிட்டே போக வேண்டுமானால் கையை உயர்த்துங்கள். அவர் பக்கெட்டைத் தரையில் வைத்து, கட்டுப்பாட்டைப் பூட்டி, உங்களுக்குச் சைகை காட்டிய பிறகே காலெடுத்து வையுங்கள். கையில் போன் வேண்டாம். நல்ல ஆபரேட்டர் கிடைத்தால் விடாதீர்கள். மண் ‘இழுக்கும் விதம்’ மாறுகிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவர் சொல்லிவிடுவார்.

எங்கே நிறுத்துவது? முதல் தொல்லியல் தடம், அதாவது பழைய அகழி, குழி, தூண்குழி போன்றவை மண்ணில் விட்ட அடையாளம், தெரியும் மட்டத்தில். தடம் எதுவும் இல்லையென்றால் மனிதக் கை படாத கன்னிமண் வரும்வரை. புதியவர் செய்யும் தவறு இரண்டு வகை. சீக்கிரம் நிறுத்தினால் அடிமண்ணையே கன்னிமண் என்று எழுதிவிடுவார், குழி ‘வெறுமை’ ஆகிவிடும். தாமதமாக நிறுத்தினால் 10 செ.மீ. ஆழமே மிஞ்சியிருந்த தூண்குழி பக்கெட்டோடு போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. முதல் தவறுக்கு மருந்து உண்டு: குழியின் ஒரு முனையில் மட்டும் பக்கெட்டை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கிப் பாருங்கள். சரிவின் அடிவாரத்தில் இது கட்டாயம். மேட்டிலிருந்து வழிந்து படிந்த மண் பார்வைக்குக் கன்னிமண் போலவே சுத்தமாக இருக்கும். அதன் அடியில்தான் பழைய தரை இருக்கும்.

ஆழம் விஷயத்தில் பல நிறுவனங்கள் 1.2 மீட்டரை எல்லையாக வைத்திருக்கின்றன. அதற்காக 1 மீட்டரில் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். ஈர மணலும் சரளையும் அதற்குக் குறைவான ஆழத்திலேயே சரியும். இன்னும் ஆழம் தேவையென்றால் பக்கங்களைப் படிக்கட்டாகவோ சரிவாகவோ வெட்ட வேண்டும், இல்லையேல் முட்டுக் கொடுக்க வேண்டும்.

வெட்டிய குவியலின் மேல் உலோகம் கண்டறியும் கருவியை ஓட்டுங்கள். உழுது கலைந்த மேல்மண்ணில் கிடைக்கும் ரோமானிய நாணயம் ஒன்றுகூட அடியில் எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லிவிடும்.

இது தடமா, வெறும் கறையா

திறந்த குழியின் தரையைக் களைக்கொத்தியால் பின்னோக்கி இழுத்துச் சுத்தம் செய்தபின் நிறங்கள் தெளியும். வெண்சுண்ணப் பகுதியில் இது இன்பம். வெள்ளைத் தரையில் பழுப்புக் கோடு பத்தடி தூரத்திலேயே தெரியும். களிமண் பகுதியில் கொடுமை. காய்ந்தால் எல்லாம் ஒரே நிறம், நனைந்தால் எல்லாம் ஒரே சேறு. இரண்டுக்கும் நடுவே, லேசான மழைக்கு மறுநாள் காலையில்தான் தடத்தின் ஓரம் தன்னைக் காட்டும். அதனால் களிமண்ணில் திறந்த அன்றே ‘ஒன்றுமில்லை’ என்று எழுதாமல், ஒருநாள் விட்டு மறுபடி நடந்து பாருங்கள். தெரிந்த ஓரத்தைக் கரணை முனையால் உடனே கீறி வையுங்கள். வெயில் ஏறினால் மறைந்துவிடும்.

ஏமாற்றும் தடங்களை அடையாளம் காண வேண்டும். வயல் வடிகால் குழாய்ப் பள்ளம் நேர்க்கோடாக, ஒடுக்கமாக, கூர்மையான ஓரத்தோடு ஓடும். அடியில் சுட்டமண் குழாய் இருக்கும். அதை உடைத்தால் இடத்தைக் குறித்து வையுங்கள், மூடும் முன் சரிசெய்ய வேண்டும். இடைக்கால உழவுச் சால்கள் அகலமாக, ஆழமில்லாமல், சீரான இடைவெளியில் ஒன்றுக்கொன்று இணையாக வரும். அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்தால் அகழி என்று தோன்றும். பக்கத்துக் குழிகளையும் சேர்த்து வரைபடத்தில் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஆனால் சால் ஓடியதால் அதற்கு முந்தையது அழிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அதன் அடியிலேயே இரும்புக்கால அகழி இருப்பது அடிக்கடி நடக்கிறது. மரம் சாய்ந்த பள்ளம் பிறைவடிவில், மங்கிய ஓரத்தோடு, உள்ளே கன்னிமண் கட்டிகள் கலந்து இருக்கும். அதிலும் சிக்கிமுக்கிக் கல் சில்லுகள் கிடைக்கலாம் என்பதால் ஒன்றிரண்டை வெட்டிப் பார்ப்பது வழக்கம்.

வெட்டுவது

எல்லாத் தடத்தையும் முழுதாக எடுக்க உங்களுக்கு அனுமதி இல்லை, தேவையும் இல்லை. அகழி, வாய்க்கால் போன்ற நீளத் தடங்களில் 1 மீட்டர் நீளத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு. பழங்காலக் குழியும் தூண்குழியும் பாதி மட்டும். மீதிப் பாதி வெட்டுமுகமாக நிற்கும். இரண்டு தடங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், எது பிந்தையது என்று தெரியும்படி வெட்டை அந்தச் சந்திப்பின் மேலேயே போடுங்கள். சந்திப்பைத் தவிர்த்து வசதியான இடத்தில் தோண்டுவது புதியவர்களின் வழக்கமான தப்பித்தல்.

நூல் கட்டி, வெட்டுமுகம் நேராகவும் செங்குத்தாகவும் வரும்படி இறங்குங்கள். கடைசியாக நிரம்பிய மண் முதலில் வெளியே வர வேண்டும். ஓரம் எங்கே என்று சந்தேகம் வந்தால் கண்ணைவிடக் கை நம்பகமானது: நிரப்பு மண் கரணைக்கு இளகும், கன்னிமண் எதிர்க்கும். ஓரத்தைத் தாண்டி வெட்டிவிட்டால் இல்லாத வடிவம் ஒன்று வரைபடத்தில் ஏறிவிடும். நிறுத்திவிட்டு, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, நடந்ததைக் குறிப்பில் எழுதுங்கள். எழுதப்பட்ட பிழையால் கெடுதல் குறைவு.

குழியில் தண்ணீர் நின்றால் பம்பு வைக்கலாம். சேற்று நீரை நேராக ஓடையில் விடாதீர்கள், அது சுற்றுச்சூழல் குற்றமாகும். புல்வெளி மேல் பரப்பி வடிய விடுங்கள்.

பதிவு

ஒவ்வொரு வெட்டுக்கும் ஒவ்வொரு நிரப்பு மண்ணுக்கும் தனித்தனியாகக் கான்டெக்ஸ்ட் எண். வெட்டின் எண்ணைச் சதுர அடைப்புக்குள்ளும், மண்ணின் எண்ணை வளைந்த அடைப்புக்குள்ளும் எழுதுவது இங்கே பரவலான வழக்கம். மண்ணின் நிறம், இறுக்கம், களியா மணலா, உள்ளே கரித்துண்டா சுண்ணமா, எத்தனை சதவீதம், நீள அகல ஆழம்: தாள் கேட்கும் எல்லாக் கட்டங்களையும் களத்திலேயே நிரப்புங்கள். ‘பழுப்பு மண்’ என்று மட்டும் எழுதினால் அலுவலகத்தில் அறிக்கை எழுதுபவருக்கு ஒரு பயனும் இல்லை. ‘நடுத்தரச் சாம்பல்பழுப்பு, இறுகிய வண்டல் களி, 5 சதவீதம் சின்னச் சரளை, அரிதாகக் கரித்துணுக்கு’ என்று எழுதினால் ஒரு படம் கிடைக்கும்.

வெட்டுமுகம் 1:10, தரைப்படம் 1:20. புகைப்படத்தில் அளவுகோல், வடக்கு அம்பு, எண் பலகை மூன்றும் வேண்டும். உங்கள் நிழல் வேண்டாம். பொருள்களைப் பையிலிட்டு, தளக் குறியீட்டையும் கான்டெக்ஸ்ட் எண்ணையும் அழியாத மையில் பையின் மேலும் உள்ளே ஓர் அட்டையிலும் எழுதுங்கள். எண் இல்லாத பானை ஓடு வெறும் ஓட்டாஞ்சில்லு.

மண் மாதிரிக்கு 40 லிட்டர், அதாவது 10 லிட்டர் வாளி நான்கு. நிரப்பு மண் அதற்கும் குறைவென்றால் முழுவதும். புதியவர்களுக்கு இது சுமை தூக்கும் வேலையாகத் தெரியும். கேம்பிரிட்ஜுக்கும் ஹன்டிங்டனுக்கும் இடையே ஏ14 நெடுஞ்சாலையை விரிவாக்கியபோது 2016 முதல் 2018 வரை நடந்த அகழாய்வுகளில், கி.மு. 400 அளவிலேயே அங்கே பீர் காய்ச்சியதற்கான சான்று கிடைத்தது. அது பானையிலிருந்து வரவில்லை. இப்படி வாளியில் அள்ளிய மண்ணைத் தண்ணீரில் அலசியபோது மிஞ்சிய கருகிய துணுக்குகளை உருப்பெருக்கியில் பார்த்துச் சொன்னது.

வெறுங்குழிக்கும் இதே மரியாதை. இரண்டு முனையிலும் மேல்மண், அடிமண், கன்னிமண் கனத்தை அளந்து, ஒரு மாதிரி வெட்டுமுகம், முழுநீளப் புகைப்படம். அந்த அளவுகளை வைத்துத்தான் இந்த இடம் உண்மையிலேயே காலியா, அல்லது உழவில் அழிந்துபோனதா என்று சொல்ல முடியும்.

எலும்பும் பொன்னும்

மனித எலும்பு என்று ஐயம் வந்தாலே கையை எடுங்கள். மூடி வையுங்கள், மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். 1857-ஆம் ஆண்டு அடக்கச் சட்டத்தின்கீழ் நீதி அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் எடுக்க முடியாது. சோதனை நிலையில் பெரும்பாலும் இடத்தைப் பதிவுசெய்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடும் ஆசை வேண்டவே வேண்டாம்.

பொன், வெள்ளிப் பொருள்களுக்கு 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 14 நாள்களுக்குள் மரண விசாரணை அதிகாரியான கரோனருக்குத் தகவல் போக வேண்டும். தற்செயலாகக் கண்டெடுப்பவருக்கு வெகுமதி உண்டு, பணியில் இருக்கும் தொல்லியலாளருக்குக் கிடையாது. பொருளை அன்றே எடுத்துப் பூட்டி வையுங்கள். இரவில் டிடெக்டரோடு வயலுக்கு வரும் திருடர்கள் இங்கே உண்டு.

மூடுவதும் அதன் பிறகும்

அலுவலர் வந்து பார்த்து ஒப்புக்கொள்ளும் முன் ஒரு குழியையும் மூடக்கூடாது. சாலை ஒப்பந்தக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. வந்து பார்ப்பவர் ‘இந்தத் தடத்தை இன்னொரு வெட்டுப் பாருங்கள்’, ‘இங்கே குழியைப் பத்து மீட்டர் நீட்டுங்கள்’ என்று சொல்லலாம். அதற்கென்றே திட்டத்தில் கொஞ்சம் பரப்பு கையிருப்பாக இருக்கும். மூடும்போது அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். இயந்திரம் மேலே ஏறி அமுக்கியபின் ஒரு புகைப்படம்.

அறிக்கை போனபிறகு முடிவுகள் பலவிதம். சில வயல்களுக்கு மேற்கொண்டு வேலை இல்லை. சிலவற்றில் சாலைப் பணியின்போது ஒருவர் நின்று கண்காணித்தால் போதும். சாலையின் மட்டத்தை உயர்த்தி, தடங்களைக் கலைக்காமல் அடியில் விட்டுவிடுவதும் உண்டு. மிச்ச இடங்களில் மேல்மண்ணை முழுப் பரப்புக்கும் நீக்கி அகழாய்வு. அப்போது உங்கள் பழைய குழிகள் மூடிய தழும்பாக மறுபடி தெரியவரும், நீங்கள் பாதி எடுத்த தூண்குழியின் மறுபாதியை வேறொருவர் எடுப்பார். அவர் உங்கள் வெட்டைத் தேடுவது ஜிபிஎஸ் ஆயங்களை வைத்துத்தான். ஆகவே குழியின் நான்கு மூலைகளை மட்டுமல்ல, உள்ளே போட்ட ஒவ்வொரு வெட்டின் ஓரத்தையும் மூடுவதற்கு முன் அளந்து சேமியுங்கள். கருவியின் கோப்பை அன்று மாலையே இரண்டு இடத்தில் படியெடுத்து வையுங்கள்.